மயிலாப்பூர்க் கொக்கும் எங்கள் ஆற்று ஓராங் ஊத்தானும்

சென்னைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் ஆற்றங்கரையில் ஆளாளுக்குக் "கோயிலுக்கா, கண் ஆபரேஷனுக்கா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இல்லை. என் மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். போகும்போது ஓர் ஆள், வரும்போது இரண்டு ஆள் என்பது ஏற்பாடு. என் மனைவி சரசு வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அவ இல்லாம தனியா வந்து நிக்காதீங்க." சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் பெட்டிக்குள் திணித்தாள். "புள்ளைக்கு."

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டுத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, கடல் தாண்டி, எதிர்த் தீவில் இருக்கிற சபா மாநிலத்துக்கு வந்து, கினாபாத்தாங்கான் ஆற்றில் வாடகைப் படகு தள்ளியவன். இன்று அதே ஆற்றில் மூன்று படகுகளும் கரையில் ஒரு தங்கும் விடுதியும் என் பெயரில் இருக்கின்றன. யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கையை நானே ஊன்றி எழுந்தேன். பெரிய படிப்புப் படித்த வெள்ளைக்காரர்கள் கழுத்தில் தொலைநோக்கியோடு வந்து, மரத்தில் ஓராங் ஊத்தான் எங்கே என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

ஓராங் ஊத்தானைக் குரங்கு என்று சொல்பவர்களை நான் படகில் ஏற்றுவதில்லை. குரங்குக்கு வால் உண்டு; இதற்குக் கிடையாது. செம்பட்டை மயிர், மனிதனைப் போல முகம், உள்ளங்கையில் ரேகை. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு மனிதன் என்று அர்த்தம். எங்கள் தீவிலும் பக்கத்துச் சுமத்ராவிலும் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. அங்கேயும் குறைந்துகொண்டே வருகிறது. நான் அதைத் தேட மாட்டேன். அதன் கூட்டைத் தேடுவேன். சாயங்காலமானால் கிளைகளை மடக்கிப் புதுக் கூடு கட்டித்தான் அது படுக்கும். கூட்டில் இலை பச்சையாக இருந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறது. காய்ந்திருந்தால் போய்விட்டது. இந்தப் படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்தக் குட்டியை ஏழெட்டு வருஷம் தாய் உடம்பிலிருந்து இறக்காது, இறக்கினாலும் கண்ணிலிருந்து விடாது. அதனால் எங்கள் ஆற்றில் ஒரு சட்டம் உண்டு. சின்னக் குட்டி ஒன்று தனியாக இருந்தால், தாய் செத்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காதே, தூக்கிவிடு. தூக்கிக்கொண்டுபோய்ப் பராமரிப்பு நிலையத்தில் சேர். இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் என்னை மாட்டிவிட்டது அதுதான்.

எங்களுக்கும் ஒன்றே ஒன்றுதான். வயசான காலத்தில் பிறந்தவள். பெயர் மலர். தி.நகரில் ஒரு பட்டுக் கடைக்குப் புடவைக் கரை வரைந்து கொடுக்கும் வேலை என்று இரண்டு வருஷத்துக்கு முன் கிளம்பினாள். இந்த வருஷம் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. குணமான பிறகு வீடியோவில் கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்து சரசுதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. இப்போது புரியும், நான் ஏன் கிளம்பினேன் என்று.

மயிலாப்பூரில் அவள் இருந்த தெருவுக்குள் கார் நுழையவில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். தெரு முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். பழக்க தோஷம், அண்ணாந்து பார்த்தேன். மரம் முழுக்கக் கூடுகள்! குச்சிக் கூடுகள், ஓட்டை ஓட்டையாக, கீழிருந்து பார்த்தால் வானம் தெரிகிற மாதிரி. எங்கள் ஆள் இப்படி ஒரு கூடு கட்டினால் வெட்கப்பட்டுச் செத்துவிடும்.

மரத்தடியில் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, இஸ்திரி வண்டி போட்டிருந்தாள் ஒரு பெண்மணி. பெயர் தேவி என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார், வாயத் தொறந்துக்கினு மேல பாக்குற? நேரா உள்ள வுய்ந்துடும்."

"என்ன பறவை இது?"

"இன்னா பறவ, கொக்குதான். தேச்சு மடிச்ச சட்ட மேல கரெக்டா புள்ளி வெக்கும். தொரத்தினாலும் போவாத சனியனுங்க."

எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் இதை மடையான் என்பார்கள். உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், இருப்பதே தெரியாது. பறந்தால் இரண்டு இறக்கையும் வெள்ளை வெளேரென்று விரியும். உலகத்தில் எங்கு தண்ணீர் தேங்கினாலும் அதன் ஓரத்தில் ஒன்று நிற்கும். அதைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை.

மலர் இருந்தது அந்த மரத்தை ஒட்டிய வீட்டின் மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமி. நெற்றியில் குங்குமம், குரலில் பித்தளை. "மலரோட தோப்பனாரா? வாங்கோ. ஒரு வாரம்தானே, தாராளமா இருங்கோ. ஒண்ணே ஒண்ணு, ஆத்துக்குள்ள முட்டைகூடக் கூடாது. சொல்லியிருப்பாளே?"

என் பெட்டிக்குள் நெத்திலி நெளிவது மாதிரி இருந்தது. மலர் என்னைப் பார்த்தாள். மாடிக்குப் போனதும், "எடுக்கவே எடுக்காதீங்கப்பா. பொட்டலத்தைப் பிரிச்சீங்கன்னா தெரு முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றாள். கன்னம் இன்னும் ஒட்டித்தான் இருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். "இங்க பாரு, ஓராங் ஊத்தான்ல ஆண் குட்டிதான் வளந்ததும் ஊர் சுத்தும். பொண்ணு தாயோட காட்ட ஒட்டியே தங்கிக்கும். அதுக்கே அவ்வளவு அறிவு."

"அப்பா, நான் ஓராங் ஊத்தான் இல்ல."

"நீ ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் ஒண்ணே ஒண்ணு."

"ரெண்டு வருஷமா இருக்கேன். விழுந்தேன், எழுந்துட்டேன். என் வேலை எனக்குப் புடிச்சிருக்கு. நான் வரல."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "புடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டாள். பத்து பேர் படகில் வாந்தி எடுத்தபோதும் நிதானம் இழக்காதவன் நான். அன்று தூங்கவில்லை.

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். குளத்தங்கரைப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் பொங்கல். எங்கள் ஊரில் காலையில் பரோட்டாவுக்குத் தம்பியான ரொட்டி சானாய் தின்று வளர்ந்த நாக்கு இது. இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பொங்கலின் நெய்யும் மிளகும் என்னை ஒரு நிமிஷம் வாயடைக்க வைத்தன. ஆனால் அளவு? எங்கள் ஊர்ப் பூனைகூட ஏப்பம் விடாது.

தி.நகர் போகிறது என்று ஏறிய பஸ் என்னைச் சைதாப்பேட்டையில் கொண்டுபோய் இறக்கியது. கண்டக்டரிடம் கேட்டால், "போர்டு பாக்காம ஏறினா நான் இன்னா பண்றது நைனா?" என்றார். நைனா என்று கூப்பிட்டதால் கோபிக்க முடியவில்லை. அங்கே அடையாற்றுப் பாலத்தில் நின்றேன். கீழே கறுப்புத் தண்ணீர். பிளாஸ்டிக், செருப்பு, சோபாவின் பாதி உடல். அதன் மேல் ஒற்றைக் காலில் ஒரு மடையான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாக்கடைக்குள் அலகை விட்டு ஏதோ வெள்ளையாக ஒன்றை எடுத்து விழுங்கியது.

எங்கள் ஆள் அப்படி இல்லை. அதற்குக் காடு காடாக இருக்க வேண்டும், பழம் பழமாக இருக்க வேண்டும். இந்தப் பறவைக்கு எதுவும் வேண்டாம், ஓரம் போதும். அதற்கு நாலு குஞ்சு, ஐந்து குஞ்சு. ஒன்று விழுந்தால் மற்றது இருக்கிறது. அதனால் துணிந்து எங்கும் நிற்கிறது. ஒன்றை வைத்திருப்பவன் எப்படி நிற்பான்? இதை மலரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ பிடித்தேன்.

பட்டுக் கடை முதலாளி தெற்கத்திக்காரர். வயசு என் வயசு. "வாங்க வாங்க, மலரோட அப்பாவா? நான் தலையில துணி மூட்டை சுமந்து வந்தவன் பாத்துக்கிடுங்க" என்று ஆரம்பித்தார். நான் லாரி கிளீனர் கதையைச் சொன்னேன். அவர் பிளாட்பாரத்தில் தூங்கியதைச் சொன்னார். நான் முதலை இருக்கிற ஆற்றில் படகுக்குக் கீழே முங்கி விசிறியில் சிக்கிய கயிற்றை அறுத்ததைச் சொன்னேன். அதற்கு அவர் எனக்கும் சேர்த்துக் காபி சொன்னார். அந்தத் தெம்பில் விஷயத்தைப் போட்டேன். "என் மகள விட்டுருங்க. உடம்பு சரியில்லாத புள்ள. நீங்க வேணாம்னு சொன்னா வந்துருவா."

அண்ணாச்சி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? அந்தப் பொண்ணு போடுத கரைக்குக் காஞ்சிபுரத்துல தறிக்காரன் காத்துக் கெடக்கான். நீங்க அவகிட்ட கேளுங்க. அவ போறேன்னா சீர் செஞ்சு அனுப்புதேன். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். அது பொய்யில்லா?"

வெறும் கையோடு திரும்பினேன். மலர் அன்று தான் வரைந்த கரையின் அச்சைப் பார்க்க வெளியே போயிருந்தாளாம். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தேன்.

சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது மாமி வீட்டு மதில்மேல் அது உட்கார்ந்திருந்தது. ஒரு குஞ்சு. தலையில் பஞ்சு மாதிரி நாலு மயிர், உடம்புக்குப் பொருந்தாத பச்சைக் கால், மேலெல்லாம் கோடு. மதிலுக்கு மேலே கிளை தாழ்ந்திருந்தது. சுற்றிலும் பெரிய பறவை எதுவும் இல்லை. ஒரு பூனை மட்டும் எதிர் மதிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

தனியாக இருக்கிறது. தாய் இல்லை. தூக்கு.

தூக்கினேன். கொத்தியது பாருங்கள், கண்ணுக்கு நேராக. கன்னத்தில் ரத்தம் வந்தது. தோள்துண்டைப் போட்டுச் சுற்றி மாடிக்குக் கொண்டுபோய், குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தேன்.

மலர் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அது கிளை விட்டுக் கிளை தாவிப் பழகும்ப்பா. தினம் பாக்குறேன். திருப்பி வைங்க."

"தாய் இருந்தா விட்டுட்டுப் போகுமா? எனக்குத் தெரியாததா?"

"இது கொக்குப்பா!"

இருட்டிவிட்டது, பூனை இருக்கிறது, காலையில் வைக்கிறேன் என்றேன். பாதி மனசோடு ஒத்துக்கொண்டாள். "மாமிக்குத் தெரிஞ்சா என் ரூம் போயிடும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

காலையில் அவள் வேலைக்குப் போனதும், குஞ்சு பசியில் வாயைப் பிளந்து க்கெக் க்கெக் என்று கத்தியது. நெத்திலிப் பொட்டலத்தில் ஒரு மூலையை மட்டும் பிரித்து ஒன்றைக் கழுவி நீட்டினேன். எடுத்து, துப்பியது. உப்பு. வெறும் வயிற்றோடு எப்படித் திருப்பி வைப்பது? துணிப் பைக்குள் பறவையை வைத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்து மீன் கடைக்கு ஆட்டோ ஏறினேன். பாதி வழியில் ஆட்டோவில் கேஸ் தீர்ந்து நின்றது. டிரைவர் இறங்கித் தள்ள, பைக்குள்ளிருந்து க்கெக் என்றது.

"இன்னா சார் பையில?"

"கொக்குக் குஞ்சு."

அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டார். "அய்யோ, இத்த வச்சிக்கினு சுத்தினா கேஸு சார். ஃபாரஸ்ட்டுக்காரன் புட்சான்னா பாஸ்போர்ட்ட புடுங்கிடுவான். அங்க பாரு, போலீஸு நிக்குது. பைய கீழ வை, கீழ வை!"

முதலைக்குப் பயப்படாத நான் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பையைக் காலுக்கடியில் தள்ளினேன். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள் எனக்குப் புரியாது என்று நினைத்து இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். "அந்தத் தாத்தாவின் பை மூச்சு விடுகிறது" என்றாள் ஒருத்தி. "பார்க்காதே, பாம்பாக இருக்கும்" என்றாள் மற்றவள்.

போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பியதும் மீதி தூரத்தை நடந்தே போய், மீன் கடையில் விரல் நீளத்தில் பொடி மீன் கேட்டேன்.

"கொயம்புக்கா, வறுக்கவா?" என்றாள் மீன்காரி.

"கொக்குக்கு."

"இன்னாது?" பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினாள். "யக்கா, இங்க பாருக்கா, கொக்குக்கு மீன் வாங்க ஆள் வந்துகீது! கொக்கு ஊர்ல அத்தினி மீனையும் துன்னுட்டு, இப்ப கடைக்கு ஆள் அனுப்புதா?"

சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிப் போட்டாள். அங்கேயே ஓரமாக நின்று ஊட்டினேன். ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து விழுங்கியது. கடவுளே, அந்தத் தொண்டையில் மீன் இறங்குவதைப் பார்க்க எவ்வளவு நிம்மதி. டைபாய்டில் கிடந்தபோது மலருக்கு யார் இப்படி ஊட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து மாமியின் முன்வாசலைத் தாண்டினேன். அங்கேதான் வினை. பயந்துபோனால் தின்றதையெல்லாம் கக்கிவிடும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆள் அப்படிச் செய்யாது. மாமி மாக்கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தார், குஞ்சு பையிலிருந்து கழுத்தை நீட்டியது, அத்தனை மீனும் கோலத்தின் நடுவில் விழுந்தது. வாடை அடித்தது.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணிடுங்கோ. ரெண்டு பேரும்" என்றார்.

நான் எதற்கு வந்தேனோ அது நடந்துவிட்டது. ரூம் இல்லை என்றால் அவள் எங்கே போவாள்? என்னோடு வருவாள். நான் பேசாமல் நின்றால் போதும். நின்றேன்.

வாசல் கேட் திறந்தது. மலர். வேலையை விட்டுப் பாதியில் வந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கடைக்குப் போய் என்னை விட்டுடச் சொன்னீங்களா? அண்ணாச்சி சொல்றாரு, எல்லார் முன்னாலயும்." கோலத்தைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இதையும் வேணும்னே பண்ணீங்களாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் சந்தோஷப்பட்டேன்.

அவள் என் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு படியேறினாள். இஸ்திரி வண்டியிலிருந்து தேவி கத்தினாள். "மன்சன் கை பட்டுச்சுன்னா ஆத்தாக்காரி சேத்துக்காது பாப்பா! வுட்டுடு!"

எங்கள் ஊரில் அது உண்மை. மனிதக் கைக்குப் பழகிவிட்ட குட்டியைத் திரும்பக் காட்டுக்குள் விட வருஷக் கணக்காகும். சிலது போகவே போகாது. கூண்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நான் தூக்கியதால் இது கெட்டதா? அவள் பின்னால் ஓடினேன். என் முட்டி எப்படி அத்தனை படி ஏறியது என்று தெரியவில்லை.

மொட்டைமாடியில் மழை மேகம் இறங்கியிருந்தது. கூடிருந்த கிளை எதிரே நின்றது. கூட்டில் இன்னும் இரண்டு குஞ்சுகள் கழுத்தை நீட்டின. ஆனால் எட்டவில்லை. கைப்பிடிச் சுவர் என் தொடை உயரம்தான். மலர் ஒரு கையில் குஞ்சோடு சுவரில் வயிற்றைப் பதித்து வெளியே சாய்ந்தாள். கீழே இரண்டு மாடி. தேவியின் தார்ப்பாய் கைக்குட்டை அளவில் தெரிந்தது.

நான் பாய்ந்து அவள் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கப்பா, எட்டல!"

"மாட்டேன். வா இந்தப் பக்கம். நான் ஏறுறேன்."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

காற்று அடித்தது. கிளை இன்னும் தள்ளிப் போனது. அப்போது பின்னாலிருந்து ஒரு மூங்கில் கழி என் தோளைத் தொட்டது. மாமி. பூப் பறிக்கிற தொரட்டி. மூக்கை இன்னும் மூடியிருந்தார். "இத்தால இழுங்கோ. வேடிக்கை பார்த்துண்டு நிக்காதீங்கோ."

தொரட்டியால் கிளையை வளைத்தேன். வளையவில்லை. ஒரு கையால் மலரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தூங்குமூஞ்சிக் கிளையை இழுக்க முடியாது. இரண்டு கையும் வேண்டும்.

எங்கள் ஆற்றில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன், படகிலிருப்பவர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன். இரண்டு மரத்துக்கு நடுவில் குட்டிக்கு எட்டாத இடைவெளி வந்தால், தாய் ஒரு மரத்தை வளைத்து இன்னொன்றைப் பிடித்துத் தானே பாலமாக நிற்கும். குட்டி அதன்மேல் ஏறிப் போகும். அப்போது தாயின் கை இரண்டும் மரத்தில் இருக்கும். குட்டியின்மேல் இருக்காது. வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன்.

சட்டையை விட்டேன். இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். கிளை முனகிக்கொண்டு வந்தது. மலர் இன்னும் வெளியே போனாள். அவள் பாதம் தரையை விட்டு எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அய்யோ, கொழந்தே!" என்று சத்தம். கண்ணைத் திறந்தேன். மாமி இரண்டு கையாலும் மலரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார். மீன் வாடை அடித்த சட்டையின்மேல் அவர் கன்னம் அழுந்தியிருந்தது.

"வச்சிட்டேன்" என்றாள் மலர்.

கிளையை மெல்ல விட்டேன். குஞ்சு தள்ளாடி, இறக்கையை விரித்து, பச்சைக் காலால் பற்றிக்கொண்டது. மூன்று பேரும் சுவரை விட்டுப் பின்வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மழைத் துளி விழ ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பெரிய பறவை ஒன்று வந்தது, வேறு கூட்டுக்குப் போனது. இன்னொன்று வந்தது, கிளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மலர் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாமி" என்றேன். "மீன் வாங்கினது நான். பறவையத் தூக்கினதும் நான். அவ நேத்தே திருப்பி வைக்கச் சொன்னா. நான்தான் கேக்கல. அவ ரூம எடுத்துராதீங்க."

மாமி மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா இருக்கா, ஒரு நாள் இப்படி நடந்ததில்லே. நீங்க வந்து மூணு நாள்தான் ஆறது. ஜுரத்துல கெடந்தப்போ இவளை ஆட்டோல ஏத்திண்டு போனவ நான். மீனுக்காகத் தெருவுல விட்டுடுவேனா? கோவத்துல சொன்னேன். பொண்ணு இருக்கட்டும்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்போ கெளம்பறேள்?"

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள், "அப்பா, அங்க" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

மழைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கியது. கிளையில் உட்கார்ந்ததும் சேற்று நிறமாகி மறைந்தது. நம் குஞ்சு க்கெக் என்று கத்திக்கொண்டு பாய்ந்து, அதன் அலகைக் குறுக்காகக் கவ்வி இழுத்தது. பெரியது கழுத்தைத் தாழ்த்தியது. ஊட்டியது. தாயோ தகப்பனோ, கொக்கில் எனக்கு அடையாளம் தெரியாது. ஊட்டி முடித்ததும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, ஆற்றுப் பக்கம் பறந்தது. மறுபடி வரும்.

கீழேயிருந்து தேவியின் குரல். "சேத்துக்கிச்சா பாப்பா?"

"சேத்துக்கிச்சுக்கா!"

"அப்ப நாளைக்கும் என் துணி நாசம்தான்!"

மறுநாள் நான் கிளம்பினேன். மலர் என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். நெத்திலிப் பொட்டலத்தை உள்ளே வைத்தேன். அவள் வெளியே எடுத்தாள்.

"இதை வச்சிட்டுப் போங்க."

"மாமி?"

"கடையில எங்களுக்குச் சமைக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. நெத்திலித் தொக்கு வச்சுத் தரச் சொல்றேன்." இன்னும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் கைப்பைக்குள் அடியில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ வரை வந்தாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. நான் எப்போது வரலாம் என்று கேட்டேன். "மாமிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டுப் படித்துறையில் படகு ஒதுங்கியபோது சரசு நின்றுகொண்டிருந்தாள். நான் இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் பார்த்தாள். படகு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியை வாங்கி, அங்கேயே பலகைமேல் வைத்துத் திறந்து துழாவினாள்.

"நெத்திலி எங்க?"

"அவகிட்ட இருக்கு."

"வாங்கிக்கிட்டாளா?"

"கேட்டு வாங்கிக்கிட்டா."

சரசு பெட்டியை மூடினாள். பிறகு, "ஒரு பொட்டலம் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு, மீன் காயவைக்கிற தட்டை எடுக்க உள்ளே போனாள்.